சபரிமலை சீசனில் நெல்லையிலிருந்து கேரளாவுக்கு வேன் பேசுகிறவர்களுக்கு

கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்கு வேன் பேசுகிறவர்கள், அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன்னால் வண்டி நம்பரைக் கேட்டு வாங்குங்கள். வாங்கி, அந்த வண்டிக்கு எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்கிற சான்று), இன்சூரன்ஸ், பர்மிட் மூன்றும் நடப்பில் இருக்கிறதா என்று போனிலேயே எம்-பரிவாஹன் என்கிற அரசு செயலியில் பாருங்கள். ஒரு நிமிஷ வேலை. நான் பார்க்கவில்லை. பத்தாயிரம் ரூபாய் போனது, அதைக்கூட சம்பாதித்துக்கொள்ளலாம். எங்கள் பி.டி. சார் தன் மாணவன் ஆடிய ஹாக்கி ஃபைனலை, கேரள எல்லையில் இருக்கிற ஆரியங்காவில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போனில் கேட்கும்படி ஆகிவிட்டதே, அதை நினைத்தால் இன்னும் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

அக்கா மகன் பாளையங்கோட்டையில் பி.காம். கடைசி வருஷம். காலேஜ் ஹாக்கி டீமில் ஃபுல்பேக், பின்னால் நின்று தடுக்கிறவன். எதிரணி தப்பு செய்து பெனால்டி கார்னர் வந்தால், பந்தை ஸ்டிக்கால் இழுத்துக் கோலுக்குள் எறிகிற டிராக் ஃபிளிக் அவன்தான். அவனுக்கு ஆறாம் வகுப்பில் ஸ்டிக் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் சார். எனக்கும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். எங்கள் பக்கத்தில் ஹாக்கி என்றால் கோவில்பட்டிதான். அதுவும் 1986 வரை நம்ம மாவட்டம்தானே. சார் அந்தக் கரிசல் காட்டிலிருந்து வந்தவர். செம்மண் கிரவுண்டில் சுண்ணாம்புக் கோடு போட்டு முப்பது வருஷம் பிள்ளைகளை ஓடவிட்டவர். 2022 ஆசியக் கோப்பைக்கு இந்திய அணியில் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேல் பெயர் வந்த அன்றைக்கு, அந்தப் பையனுக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, ஆனாலும் தெருவில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார்.

இந்த ஜனவரியில் கொல்லத்தில் காலேஜ் டீம்களுக்கான சாம்பியன்ஷிப் நடந்தது. கொல்லம் ஆசிராமத்தில் நல்ல டர்ஃப், அதாவது செயற்கைப் புல் தரை, இருக்கிறது, 2015 தேசிய விளையாட்டுப் போட்டியின் ஹாக்கி அங்கேதான் நடந்தது. எங்கள் பையன்கள் ஃபைனலுக்கு வந்துவிட்டார்கள் என்று சனிக்கிழமை மத்தியானம் செய்தி வந்தது. ஞாயிறு சாயங்காலம் மூன்றரைக்கு மேட்ச். உடனே பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டோம். பழைய பிளேயர்கள், ரெண்டு மூன்று அப்பாக்கள், ஜூனியர் பையன்கள், சார். பாலருவி எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடியுமுன்னே கொல்லத்தில் இறங்கலாம், ஆனால் சாருக்கு முழங்கால் வலி, ராத்திரி முழுக்க உட்கார்ந்து வரமுடியாது, ரிசர்வேஷனும் கிடைக்கவில்லை. சரி, வேன் பேசுவோம் என்று ஒரு டிராவல்ஸ்காரருக்குப் போன் போட்டேன். முன்பு ஒரு கல்யாணத்துக்கு அவரிடம் வண்டி எடுத்திருந்த பழக்கம்தான்.

"அண்ணாச்சி, பதினாலு சீட்டு ஏசி வண்டி, புஷ்பேக், புது வண்டி. பன்னெண்டாயிரம் கொடுத்திருங்க. டீசல், பேட்டா, கேரளா பர்மிட் எல்லாம் அதுலயே சேத்தி. நீங்க ஒண்ணும் கவலைப்படாதிய, காலையில அஞ்சு மணிக்குப் பாளை பஸ் ஸ்டாண்ட் முன்னால வண்டி நிக்கும்" என்றார். வாட்ஸ்அப்பில் போட்டோவும் வந்தது. வண்டி பளபளவென்று இருந்தது. நம்பர் பிளேட் இருக்கிற இடத்தில் மட்டும் அவர்கள் டிராவல்ஸ் ஸ்டிக்கரை ஒட்டி மறைத்திருந்தார்கள். அதை நான் பார்த்தேன், விளம்பரத்துக்காக ஒட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். இந்த இடத்தை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள். நம்பர் தெரியாத போட்டோ வந்தால் அந்த வண்டி உங்களுக்கு வரப்போவதில்லை. 6,000 ரூபாய் ஜிபேயில் அனுப்பினேன்.

காலையில் நாலே முக்காலுக்கே சார் வந்து நின்றுகொண்டிருந்தார். வெள்ளை பேண்ட், வெள்ளைச் சட்டை, பழைய கேன்வாஸ் ஷூவுக்கு வெள்ளை பூசிக் காயவைத்துப் போட்டிருந்தார். பையன்களுக்கென்று ரெண்டு கிலோ அல்வா வேறு கையில். ஐந்தாச்சு, ஆறாச்சு. டிராவல்ஸ்காரர் போன் சுவிட்ச் ஆஃப். ஏழு இருபதுக்கு ஒரு வண்டி வந்தது. போட்டோவில் பார்த்த வண்டி இல்லை. ஏசி இருக்கிறது, ஓடாது. புஷ்பேக் கிடையாது. மூன்று சீட்டில் ரெக்சின் கிழிந்து பஞ்சு வெளியே தெரிந்தது. பக்கவாட்டில் எஃப்.சி. தேதி எழுதியிருக்கும் இடத்தில் மட்டும் புதுசாக வெள்ளை பெயிண்ட் அடித்திருந்தது, பக்கத்தில் மற்ற இடமெல்லாம் மஞ்சள் பாரித்துப் போயிருக்க அந்த ஒரு சதுரம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. எனக்கு அப்போதே திக்கென்றது. ஆனால் நேரமாகிவிட்டது, எல்லோரும் ஏறிவிட்டார்கள், வேறு வண்டி பேசவும் வழியில்லை. ஏறினோம். பெட்ரோல் பங்கில் டிரைவர் தம்பி, "முதலாளி டீசலுக்கு உங்ககிட்ட வாங்கிக்கிடச் சொன்னாவ சார்" என்று நின்றான். 4,000 போட்டேன்.

ஆலங்குளம் தாண்டினதும் பின் டயர் வெடித்தது. ஸ்டெப்னியை இறக்கிப் பார்த்தால் அது இதைவிட மோசம், ரப்பர் தேய்ந்து உள்ளே நூல் தெரிகிறது. ஜாக்கியும் இல்லை. வழியில் போன ஒரு லாரிக்காரர் நிறுத்தி ஜாக்கி கொடுத்தார், மகராசன். அதில் ஒரு மணி நேரம். பாவூர்சத்திரம், தென்காசி, செங்கோட்டை தாண்டும்போது பத்தே முக்கால். புளியரையிலிருந்து மலை ஏற்றம் முழுக்க சாமிமார் வண்டிகள் வரிசை கட்டி நின்றன, மகரவிளக்கு நெருங்குகிற சமயம். கோட்டைவாசல் தாண்டி ஆரியங்காவு செக்போஸ்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றே முக்கால். மூன்றரைக்குத்தானே மேட்ச், இன்னும் நேரம் இருக்கிறது என்று சார் எங்களுக்குத் தைரியம் சொன்னார்.

அங்கேதான் எல்லாம் முடிந்தது. கேரள வரி கட்டவே இல்லை. டிரைவரைக் கேட்டால் வரிக்கு 3,500 ஆகும் என்றான், முதலாளியிடம் யார் யார் மூலமாகவோ பேசிவிட்டு வந்து 6,000 என்றான். ரசீதோடுதான் கட்டுவேன் என்று சொல்லி, பக்கத்தில் ஆன்லைனில் வரி கட்டிக்கொடுக்கிற கடைக்கு நானே போனேன். கடைக்காரர் வண்டி நம்பரைப் போட்டார், ஸ்கிரீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சேட்டா, இந்த வண்டிக்கு எஃப்.சி. நவம்பர்லயே முடிஞ்சு போச்சு, வரி கட்ட முடியாது" என்றார். அவரே என் போனில் எம்-பரிவாஹன் செயலியை இறக்கி, நம்பரைப் போட்டுக் காட்டினார். எஃப்.சி. காலாவதி. இன்சூரன்ஸும் காலாவதி. சிவப்பு எழுத்தில் ரெண்டு வரி. இதைத்தான் முந்தின நாள் சாயங்காலம் நான் வீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

வாடகை வண்டிக்கு எஃப்.சி. இல்லையென்றால் அதன் பதிவே செல்லாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிறது. எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதற்கு மேல் பழைய வண்டி என்றால் வருஷா வருஷம் காட்ட வேண்டும். அந்த மலைப்பாதையில் அந்த டயரோடு, இன்சூரன்ஸ் இல்லாமல், பன்னிரண்டு உயிரை ஏற்றி அனுப்பியிருக்கிறார் அந்த மனிதர். செக்போஸ்டில் வண்டியை விடவில்லை. அவர்கள் செய்தது சரி. அவர்களை நான் ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டேன்.

டிரைவர் தம்பி பாவம், இருபத்து நாலு வயசு இருக்கும், அவனுக்கே ஒன்றும் தெரியாது. நல்ல வண்டியை ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு சாமிமார் குரூப்புக்கு மூன்று நாளைக்குக் கூடுதல் ரேட்டில் கொடுத்துவிட்டு, ஷெட்டில் கிடந்த இதை எடுத்துப் போகச் சொன்னார்களாம். பேட்டாகூட அவனுக்குக் கொடுக்கவில்லை. சார் உட்கார அவன்தான் தன் துண்டை விரித்துக் கொடுத்தான்.

ஒன்றேகாலுக்கு ஒரு கேரள அரசு பஸ் வந்தது. உள்ளே கால் வைக்க இடமில்லை, படி வரைக்கும் சாமிமார். பத்துப் பேர் எப்படியோ தொற்றிக்கொண்டார்கள். சாரால் அந்த நெரிசலில் புனலூர் வரைக்கும் நிற்க முடியாது. "நீங்க எல்லாரும் போங்கல, பையன் நம்ம ஆளு யாரையும் காணோம்னு தேடுவான்" என்று அல்வாப் பொட்டலத்தை ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்தார். நான் அவரோடு நின்றுவிட்டேன். அடுத்த பஸ்ஸும் அப்படித்தான் வந்தது, அதற்கடுத்ததும் அப்படித்தான். டாக்சி கேட்டால் சீசன் நேரம், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மூன்று மணிக்கு மேல் சார், "விடுப்பா, இனிமே போயி என்ன செய்ய" என்றார். கீழே இறங்கினால் மலையில் சிக்னல் கிடைக்காது, மேட்ச் முடிகிற வரைக்கும் இங்கேயே இருப்போம் என்று டீக்கடையில் உட்கார்ந்தோம்.

மூன்றாவது குவார்ட்டர் முடிகிற நேரத்தில்தான் நம்ம ஆட்கள் ஸ்டேடியத்துக்குள் போனார்கள். 1-1. ஜூனியர் தம்பி ஒருவன் வீடியோ கால் போட்டான், படம் சுற்றிக்கொண்டே நின்றது, அப்புறம் சாதாரண கால்தான். போனை ஸ்பீக்கரில் போட்டு பிஸ்கட் பாட்டில் மேல் சாய்த்து வைத்தேன். சார் குனிந்து காதைக் கிட்டே கொண்டுபோய், "டர்ஃபுல தண்ணி அடிச்சிருக்கானா?" என்று கேட்டார். அடித்திருக்கிறார்கள் சார் என்றான். "அப்ப பந்து வேகமா வரும், டிஃபென்ஸைக் குனிஞ்சு ஆடச் சொல்லு" என்றார், ஏதோ இவன் போய்ச் சொல்லப்போகிற மாதிரி. கடைசி ஐந்து நிமிஷம் இருக்கும்போது பெனால்டி கார்னர் என்று கத்தினான். "புஷ் யாரு கொடுக்கா? ஸ்டாப் பண்ணுதது யாரு?" அவன் பெயர்களைச் சொல்லி முடிக்கவில்லை, ஒரே அமைதி, அப்புறம் டொக் என்று ஒரு சத்தம். கோலுக்குள் அடியில் ஒன்றரை அடி உயரத்துக்குப் பலகை இருக்குமே, அதில் பந்து பட்ட சத்தம். கூட்டம் கத்துவதற்கு முன்னாலேயே சார் என் தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்து, "போர்டுல பட்டுட்டுல்லா!" என்றார். மருமகன் அடித்த கோல். 2-1. அதோடு மேட்ச் முடிந்தது.

நாங்கள் ஜெயித்துவிட்டோம். சார் டீக்கடைக்காரருக்குக் கை கொடுத்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு ரொம்ப நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வருஷப் பையன். காலேஜுக்காக அவன் ஆடிய கடைசி மேட்ச். இனி அவன் எந்த ஊரில் என்ன வேலையில் இருப்பானோ, திரும்ப அவன் ஃபிளிக் போடுவதை சார் எப்போது பார்ப்பாரோ.

ரெண்டு பேரும் செங்கோட்டைக்கு பஸ் பிடித்து, தென்காசியில் மாறி வீடு வந்து சேர ராத்திரி பத்து. மற்றவர்கள் ராத்திரி பாலருவியில் வந்தார்கள்.

மறுநாள் டிராவல்ஸ்காரர் போனை எடுத்தார். "சீசன்ல நாங்களும் நாலு காசு பாக்கணும்லா அண்ணாச்சி, 2,500 தாரேன், விட்டுருங்க" என்றார். அதை வாங்கவில்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். ஜிபே ரசீது, வாட்ஸ்அப்பில் அவர் "பர்மிட் எல்லாம் சேத்தி" என்று அனுப்பிய குரல் பதிவு, எஃப்.சி. காலாவதி என்று காட்டிய ஸ்கிரீன்ஷாட், பெயிண்ட் அடித்த இடத்தின் போட்டோ எல்லாம் கொடுத்திருக்கிறேன். அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அஞ்சு லட்சம் வரைக்குமான வழக்குக்குக் கட்டணமே கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள் போடலாம். உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் பேச்சை எழுத்திலோ குரலிலோ வைத்துக்கொள்ளுங்கள், நேரில் பேசி ஒத்துக்கொண்டதை நாளைக்கு அப்படிச் சொல்லவே இல்லை என்பார்கள். வெள்ளை போர்டு வண்டியைக் கம்மி ரேட்டுக்குத் தருகிறேன் என்று யாராவது சொன்னாலும் ஏறாதீர்கள், அது சொந்த உபயோக வண்டி, வாடகைக்கு ஓட்டி ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான்.

முந்தாநாள் அவரே கூப்பிட்டார். பத்தாயிரத்தையும் திருப்பித் தந்துவிடுகிறேன், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்றார். பணம் இருக்கட்டும், முதலில் சார் வீட்டுக்கு வந்து அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள், மற்றதைப் பிறகு பேசலாம் என்று வீட்டு அட்ரஸை அனுப்பினேன். நீல டிக் விழுந்திருக்கிறது. இன்னும் வரவில்லை.