சுழற்சி வகுப்பா, ஒரே நேர வகுப்பா?

2020-இல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது உலகம் முழுக்க 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் வீட்டில் முடங்கினார்கள். மறுபடி திறக்கும்போது பள்ளிகள் முக்கியமாக இரண்டு வழிகளை முயன்றன.

முதல் வழி, சுழற்சி. வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி பள்ளிக்கு வரும், மறு பாதி வீட்டிலிருந்து படிக்கும். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் 4 நாள் வெளியே, 10 நாள் வீட்டில் என்ற சுழற்சியை முன்வைத்தார்கள். தொற்றியவர் பிறருக்குப் பரப்பத் தொடங்கவே சுமார் மூன்று நாள் ஆகும். பள்ளியில் தொற்றினாலும் பரப்பும் நாட்கள் பெரும்பாலும் வீட்டில்தான் கழியும். அருமையான கணக்கு! வகுப்பில் இடைவெளி விட்டு உட்காரவும் இடம் கிடைக்கும். ஆனால் வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அந்த வீட்டு நாட்கள் பெரும் பாடு.

இரண்டாவது, ஒரே நேர வகுப்பு. ஆசிரியர் எதிரில் இருப்பவர்களுக்கும் திரையில் இருப்பவர்களுக்கும் சேர்த்தே நடத்துவார். பாடம் விட்டுப்போகாது, சரி. ஆனால் ஆசிரியரின் கவனம் இரண்டாகப் பிளந்துவிடும். கரும்பலகை திரையில் தெரியாது, வீட்டுப் பிள்ளையின் கேள்வி வகுப்பின் சத்தத்தில் காதில் விழாது. வீட்டில் ஒரே போனை மூன்று பிள்ளைகள் பகிர்ந்தால் அந்தத் திரை வகுப்பும் ஒழுங்காகக் கிடைக்காது.

என் ஓட்டு சுழற்சிக்கே, அதிலும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு. வீட்டு நாட்களுக்கு அச்சிட்ட பயிற்சித்தாள் கொடுத்தால் போதும், இணையமே வேண்டாம். உடல்நலக் குறைவால் வரவே முடியாத பிள்ளைக்கு மட்டும் திரைவழி வகுப்பைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும்.