ஐபி போன்களுக்கு மாற்று சர்வர்: இரண்டு முகவரியா, எஸ்ஆர்வி பதிவா?

எங்கள் அலுவலகத்தில் 40 ஐபி போன்கள். சர்வர் ஒன்று படுத்துவிட்டாலும் பேச்சு நிற்கக் கூடாது என்று இரண்டாவது சர்வர் வைத்தோம். சரி, முதல் சர்வர் போனால் அடுத்ததைத் தேடிப் போ என்று போனுக்கு யார் சொல்வது?

முதலில் எளிய வழியில் போனோம். ஒவ்வொரு போனின் அமைப்பிலும் முதன்மை, மாற்று என்று இரண்டு ஐபி முகவரிகள். டிஎன்எஸ் (பெயரைக் கொடுத்தால் ஐபி முகவரி சொல்லும் சேவை) செத்தாலும் இது வேலை செய்யும். பத்துப் போன் உள்ள இடத்துக்கு இதுவே போதும்.

மெய்நிகர் ஐபி இன்னொரு வழி. இரண்டு சர்வருக்கும் பொதுவாக ஒரே முகவரி. ஒன்று விழுந்தால் மற்றது அதை எடுத்துக்கொள்ளும். போனில் எதையும் மாற்ற வேண்டாம். ஆனால் பெரும்பாலும் இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். நான் சில நாள் சோதனையாகத்தான் ஓட்டினேன், அதனால் அடித்துச் சொல்லமாட்டேன்.

கடைசியில் நின்றது டிஎன்எஸ் எஸ்ஆர்வி: ஒரு சேவைக்கு எந்தெந்த சர்வர், எந்த வரிசையில் என்று டிஎன்எஸ்ஸில் எழுதிவைக்கும் பதிவு. காரணம் பராமரிப்பு மட்டுமே. முன்பு முதன்மை சர்வரின் ஐபி மாறியபோது 40 போன்களிலும் கை வைத்தோம். அதில் மூன்று விடுபட்டுப்போயின. அவை சத்தமில்லாமல் மாற்று சர்வரிலேயே ஓடிக்கொண்டிருந்தன. அதைப் பழுது பார்க்க நிறுத்திய அன்றுதான் தெரிந்தது, அந்த மூன்று மேசைகளுக்கும் அழைப்பே வரவில்லை என்று. இப்போது போனில் இருப்பது டொமைன் பெயர் மட்டும். சர்வர் பட்டியல் டிஎன்எஸ்ஸில் இருக்கிறது: முன்னுரிமை 10 ஒன்றுக்கு, 20 மற்றதற்கு. சிறிய எண்தான் முதலில். ஒரு சர்வரைப் பழுது பார்க்க வேண்டுமா, எண்களை மாற்றிப் போட்டால் போதும். டிடிஎல், அதாவது டிஎன்எஸ் பதிலை நினைவில் வைத்திருக்கும் காலம், 300 நொடி வைத்திருக்கிறோம். அது தீர்ந்து, போன் அடுத்த முறை 'நான் இங்கே இருக்கிறேன்' என்று சர்வரில் பதிவு செய்யும்போது புதிய வரிசைக்கு வந்துவிடும்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். போனில் போர்ட் எண்ணை (சர்வரில் அந்தச் சேவைக்கான வாசல் எண்) காலியாக விடுங்கள். சில மாடல்களில் 0 போட வேண்டும். 5060 என்று எழுதிவிட்டால், ஆர்எஃப்சி 3263 (சிப் சர்வரைக் கண்டுபிடிக்கும் முறையைச் சொல்லும் இணையத் தர ஆவணம்; சிப் என்பது ஐபி போன்கள் அழைப்புக்குப் பயன்படுத்தும் நெறிமுறை) விதிப்படி எஸ்ஆர்வியைத் தேடாமல் நேராக ஏ பதிவுக்கு, அதாவது பெயருக்கு ஐபி முகவரி மட்டும் தரும் பதிவுக்குப் போய்விடும். எனக்கு அரை நாள் இதிலேயே போனது. அப்புறம், டிஹெச்சிபி (போன்களுக்கு நெட்வொர்க் அமைப்பைத் தானாகக் கொடுக்கும் சேவை) வழியாக இரண்டு டிஎன்எஸ் சர்வர்களைக் கொடுங்கள். இல்லையென்றால் அந்த ஒரே டிஎன்எஸ் விழும்போது எல்லாம் சேர்ந்து விழும்.

இரண்டு முகவரியோ எஸ்ஆர்வியோ, நேரக் கணக்கு மட்டும் இரண்டுக்கும் பொது. பதில் வராத சர்வருக்காக யூடிபியில் (போய்ச் சேர்ந்ததா என்று உறுதி கேட்காமல் அனுப்பும் முறை) சிப் இயல்பாகக் காத்திருப்பது 32 நொடி. அதற்குள் பேச வந்தவர் ரிசீவரை வைத்துவிடுவார். போன் சர்வரில் செய்யும் பதிவின் காலம் 3600 நொடி என்றால் இன்னும் மோசம்: செத்த சர்வரில் பதிந்த போனுக்கு ஒரு மணி நேரம் வரை உள்வரும் அழைப்பு வராமல் போகலாம். நாங்கள் 120 ஆக்கினோம்.

சோதிக்கும்போது சேவையை மட்டும் நிறுத்திப் பார்க்காதீர்கள். அப்போது இயந்திரமே 'இங்கே யாரும் இல்லை' என்று உடனே சொல்லிவிடுவதால் போன் சட்டென்று மாறிவிடும். நெட்வொர்க் கேபிளை உருவிப் பாருங்கள். அப்போதுதான் அந்த 32 நொடி கண்ணில் படும்.