பழைய காற்றாடியா, சோலாரா, கடல் காற்றாலையா? தென்மாவட்டங்களுக்கு எது முதலில்?

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் பஸ் நுழைந்தால் ஜன்னலோரம் இருப்பவர்கள் கண்ணாடியை இழுத்து மூடிவிடுவார்கள். காற்று முகத்தில் அறையும். அப்படியொரு ஆடி மாதப் பிற்பகலில் முப்பந்தல் பக்கம் இறங்கி நடந்தேன். சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே, இரும்புச் சட்டங்களைப் பின்னி எழுப்பிய கோபுரத்தில் ஒரு பழைய காற்றாடி சுற்றாமல் நின்றது. அதன் நிழலில் நாலைந்து ஆடுகள் படுத்திருந்தன. அரை கிலோமீட்டர் தள்ளி, அதைப் போல மூன்று மடங்கு உயரத்தில், புதுக் காற்றாடி ஒன்று நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. (காற்றாலை என்று எழுதுவோம். பேச்சில் எங்களுக்கு அது காற்றாடிதான்.) இரண்டுக்கும் ஒரே காற்று. ஆனால் நல்ல இடம் பழையதன் கையில் இருந்தது.

கன்னியாகுமரி, நெல்லை, தூத்துக்குடி, ராமநாதபுரம் மாவட்டங்களின் வளர்ச்சி பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் மூன்று யோசனைகள் சேர்ந்தே வருகின்றன. பழைய காற்றாலைகளைக் கழற்றிவிட்டுப் புதியவை நிறுத்துவது ஒன்று. வறண்ட நிலத்தில் பெரிய சோலார் பூங்கா அமைப்பது இன்னொன்று. மன்னார் வளைகுடாப் பக்கம் கடலுக்குள்ளேயே காற்றாலை நடுவது மூன்றாவது. யூனிட் விலையை மட்டும் வைத்துப் பார்த்தால் சோலார் ஜெயித்துவிடும், பேச்சும் அதோடு முடிந்துவிடும். நான் வேறு மூன்றைக் கேட்கிறேன்: நிலம் யாருடையது, மின்சாரத்தைக் கொண்டுபோக லைன் இருக்கிறதா, வேலை முடிந்து ஒப்பந்ததாரர் கிளம்பிய பிறகு ஊரில் என்ன மிஞ்சும்?

முதலில் காற்றாடி. தமிழ்நாட்டில் இது 1986-இல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில், 55 கிலோவாட் சின்ன இயந்திரங்களோடு தொடங்கியது. தொண்ணூறுகளில் வருமான வரிச் சலுகைக்காகக் கோவை, திருப்பூர் மில்காரர்கள் தெற்கே வந்து ஆளுக்கு ஒன்று, இரண்டு என்று நிறுத்தினார்கள். அப்போது காற்று எங்கே பலமோ அந்த இடங்கள்தான் முதலில் போயின. அதனால் இன்றைக்கு மிகப் பழைய இயந்திரம் மிக நல்ல இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. மாநிலத்தின் காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அதில் இந்த மாதிரிச் சின்ன இயந்திரங்கள் இன்னும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 250 கிலோவாட் பழைய இயந்திரம் தன் முழுத் திறனில் 15 சதவீதம் ஓடினால் வருஷத்துக்கு 3 லட்சத்து 28 ஆயிரம் யூனிட் வரும். 2.5 மெகாவாட் புது இயந்திரம் 33 சதவீதம் ஓடினால் 72 லட்சத்துக்கு மேல். அதாவது இருபத்திரண்டு பழையதின் வேலையை ஒன்று செய்துவிடும். மாயமில்லை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். முப்பது, நாற்பது மீட்டர் உயரத்தில் மரமும் மேடும் தடுத்துச் சிதறிய காற்று, நூற்றிருபது மீட்டரில் தங்குதடையில்லாமல் ஓடுகிறது. றெக்கை நீளமானால் அது பெருக்கும் வட்டமும் பெரிதாகிறது.

பிறகு ஏன் யாரும் மாற்றவில்லை? உரிமையாளரின் இடத்தில் நின்று பார்த்தால் புரியும். பழைய இயந்திரத்துக்கு 'பேங்கிங்' உண்டு. ஆடியில் விளைந்த மின்சாரத்தை மின்வாரியத்தின் கணக்கில் போட்டு வைத்து, காற்றில்லாத மாதத்தில் தன் மில்லுக்கு எடுத்துக்கொள்ளலாம். 2018-க்குப் பிறகு வந்த காற்றாலைகளுக்கு அந்த வசதி பழையபடி இல்லை. மாற்றினால் அது போய்விடுமோ என்ற பயத்தில் பழையதையே கிரீஸ் போட்டு ஓட்டினார்கள். இன்னொரு சிக்கல், நிலம். பெரிய காற்றாடிகளுக்கு நடுவே நிறைய இடைவெளி வேண்டும். ஏழெட்டுப் பேருடைய சின்ன இடங்கள் சேர்ந்தால்தான் ஒன்று நிறுத்த முடியும். அந்த ஏழெட்டுப் பேரில் ஒருவர் இறந்திருப்பார், பட்டா பிள்ளைகள் பெயருக்கு மாறியிருக்காது. ஒருவருடைய ஆலை மூடியிருக்கும், கடன் நிலுவையில் இருக்கும். 2024-இல் தமிழக அரசு இதற்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. ஆனால் கொள்கை வந்ததும் இந்த ஏழெட்டுப் பேர் தாங்களாக ஒரு மேசையில் வந்து உட்கார்ந்துவிட மாட்டார்கள். உட்கார வைக்க ஒருவர் வேண்டும், ஆளுக்கு எவ்வளவு பங்கு என்று எழுதித் தர வேண்டும். அந்த வேலையை அரசுதான் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

இதன் பெரிய பலம், புதிதாக ஒரு ஏக்கர்கூட எடுக்க வேண்டியதில்லை. பாதை இருக்கிறது, சப்-ஸ்டேஷன் இருக்கிறது, காற்றாடியில் ஏறி இறங்கிப் பழகிய டெக்னீஷியன்கள் பணகுடியிலும் வள்ளியூரிலும் இருக்கிறார்கள். லைனின் திறனை மட்டும் கூட்ட வேண்டியிருக்கும்.

அடுத்து சோலார். இதற்கு நம் பக்கத்துப் பாடம் ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதி. 2016-இல் அதானி குழுமம் ஏறக்குறைய 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் நிலையத்தை எட்டே மாதத்தில் கட்டி முடித்தது. அந்த வேகத்தைக் காற்றாலையால் தொடவே முடியாது. ஆனால் அந்த மின்சாரத்துக்கு அன்று ஒத்துக்கொண்ட விலை யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு, 25 வருஷ ஒப்பந்தம். கொஞ்ச காலத்திலேயே நாட்டின் சோலார் ஏலங்களில் விலை 3 ரூபாய்க்குக் கீழே இறங்கிவிட்டது. சோலார் மோசம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. விலை இறங்கிக்கொண்டிருக்கும் பொருளை நீண்ட காலத்துக்கு ஒரே விலையில் பேசி முடித்தால் இப்படித்தான் ஆகும்.

நிலத்தைப் பொறுத்தவரை, 'எல்லாம் சீமைக்கருவேலங் காடுதானே, சும்மா கிடக்கிற இடம்' என்று சொல்லிவிடுகிறார்கள். ராமநாதபுரத்தில் அந்தக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். கிடை போடுகிறவர்கள் ஆடுகளை ஓட்டிப் போவதும் அதே வழியில். கண்மாய்க்குத் தண்ணீர் வரும் ஓடையும் அந்த 'சும்மா கிடக்கிற' நிலத்துக்குள்தான் ஓடுகிறது. வேலி போட்டுவிட்டால் மூன்றுமே அடைபடும். இவர்கள் யாருடைய பெயரும் பட்டாவில் இல்லை, அதனால் நஷ்டஈட்டுப் பட்டியலிலும் வராது. நிலம் விற்றவருக்கு ஒரு தடவை பணம் வந்துவிடுகிறது, அவ்வளவுதான். நிலையம் ஓடத் தொடங்கியதும் காவலும் பராமரிப்புமாகச் சிலருக்கு வேலை. பெரும் எண்ணிக்கையில் வேலை இருப்பது தகடு செய்யும் இடத்தில். கங்கைகொண்டானில் வருஷத்துக்கு 4.3 கிகாவாட் அளவுக்கு சோலார் தகடு செய்யும் டாட்டா பவரின் ஆலையைப் பாருங்கள். அங்கே தொழிலாளர்களில் பெரும்பான்மை பெண்கள். நெல்லைச் சீமைக்கு சோலாரால் கிடைத்த நிஜமான வளர்ச்சி என்று நான் காட்டுவது அதைத்தான்.

நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மாநிலத்தின் மின்தேவை 2024 மே 2-ஆம் தேதி 20,830 மெகாவாட்டைத் தொட்டது. கோடைப் பகலுக்கு சோலார் அருமையாகக் கைகொடுக்கும். ஆனால் சாயங்காலம் ஆறரைக்கு வீடுகளில் லைட்டும் ஃபேனும் ஏசியும் ஒன்றாக ஓடும்போது அது படுத்துவிடும். காற்று மே கடைசியில் எழுந்து செப்டம்பர் வரை பகல், இரவு பார்க்காமல் வீசும். அப்புறம் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை காற்றாடிகளுக்குப் போட்ட லைன் முக்கால்வாசி சும்மா தொங்குகிறது. காற்று ஓயும் அந்த மாதங்களில், மழை நாட்கள் போக, தெற்கே வெயில் நன்றாக அடிக்கிறது. எனவே காற்றாடிகளுக்கு நடுவே உள்ள இடத்தில் சோலார் வைத்து, அதே சப்-ஸ்டேஷனில் கோத்தால் ஒரே லைன் வருஷம் முழுக்க உழைக்கும். கமுதி மாதிரி இன்னொரு 2,500 ஏக்கரைத் தேடுவதற்கு முன்னால் இதைச் செய்து முடிக்கலாமே.

இராத்திரிக்குச் சேமிப்பது தனிப் பெரிய பேச்சு, சுருக்கமாகச் சொல்கிறேன். கோவை மாவட்டத்தில் 400 மெகாவாட் காடம்பாறை எண்பதுகளின் கடைசியிலிருந்தே இருக்கிறது. மிச்ச மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, வேண்டும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கும் நிலையம் அது. நீலகிரியில் அதே வகையான 500 மெகாவாட் குந்தா வேலை பல வருஷமாக இழுத்துக்கொண்டே போகிறது. மலையைக் குடைவது அப்படித்தான். பேட்டரியை சப்-ஸ்டேஷன் வாசலிலேயே சில மாதங்களில் வைத்துவிடலாம், ஆனால் அதன் ஆயுள் குறைவு. தென்மாவட்டத்தின் சாயங்கால நெருக்கடிக்கு இப்போதைக்குப் பேட்டரிதான் சரி.

கடல் காற்றாலையைப் பார்க்கும்போது எனக்கு ஆசையும் வருகிறது, தயக்கமும் வருகிறது. தமிழகக் கடலில் 35 கிகாவாட் வரை எடுக்கலாம் என்பது அரசு தரப்பு மதிப்பீடு. நிலத்தைவிடக் கடலில் காற்று பலம், நின்று வீசும். வருஷத்தில் கூடுதல் நாள் சுற்றும். றெக்கையும் கோபுரமும் ஏற்றி இறக்கத் தூத்துக்குடியில் வ.உ.சி. துறைமுகம் இருக்கிறது. அங்கே அந்தத் தொழில் வேரூன்றினால் ஒரு தலைமுறைக்கு வேலை. 2024 ஜூனில் மத்திய அரசு, தமிழகம், குஜராத் கடல்களில் ஆளுக்கு 500 மெகாவாட்டுக்காக மொத்தம் 7,453 கோடி ரூபாய் உதவிக்கு ஒப்புதல் தந்தது. இவ்வளவு கை கொடுத்தால்தான் யூனிட் விலை கட்டுப்படியாகும் என்பதிலிருந்தே செலவு எத்தனை பெரியது என்று தெரிகிறது. கடலடியில் அடித்தளம் போடும் கப்பலும் அனுபவமும் இன்னும் நம்மிடம் வளரவில்லை.

அதைவிடப் பெரியது மீனவர் கேள்வி. கடலுக்குப் பட்டா கிடையாது. ஆனால் எந்தப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) எந்த மாதம் என்ன மீன் படும் என்று கடலோடிக்குத் தெரியும், அந்த அறிவுதான் அவர்களுடைய சொத்து. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள் கொண்ட கடல்சார் தேசியப் பூங்காவும் இருக்கிறது. அதன் பக்கமே போகக் கூடாது. கூடங்குளத்தை ஒட்டி இடிந்தகரையில் நடந்த அணுஉலை எதிர்ப்புப் போராட்டத்தைப் பார்த்த கரை இது. எல்லாம் முடிவான பிறகு வந்து சொல்கிற வழக்கத்தை இந்த ஊர்கள் இனி ஏற்காது, ஏற்கவும் வேண்டாம்.

என் வரிசை இதுதான். முதலில் முப்பந்தல், கயத்தாறு பக்கத்துப் பழைய காற்றாடிகள். கூடவே அவற்றின் இடுக்கில் சோலாரும் பேட்டரியும். தனிப் பூங்காவுக்கு நிலம் வேண்டுமென்றால் விலைக்கு வாங்காமல் குத்தகைக்கு எடுக்கட்டும், ஓடையையும் ஆட்டுப் பாதையையும் வேலிக்கு வெளியே விடட்டும். கடல் காற்றாலையில் இயந்திரம் நிற்கப் பத்து வருஷம்கூட ஆகலாம். ஆனால் பேச்சை இப்போதே தொடங்க வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும், ஆட்கள் வலை பின்னிக்கொண்டு ஊரிலேயே இருப்பார்கள். கடல் வரைபடத்தை எடுத்துக்கொண்டு அதிகாரிகள் அந்த அறுபத்தொரு நாளில் கரைக்குப் போகட்டும். எங்கே தூண் நிற்கலாம், எங்கே நிற்கவே கூடாது என்று வலை பின்னுகிறவர்கள் விரல் வைத்துக் காட்டுவார்கள்.