ஜன்னல் ஒளி: பக்கத்திலிருந்தா, பின்னாலிருந்தா?

வீட்டில் ஒரு பொருளை மேசையில் வைத்துப் படமெடுக்கும்போது, மேசையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் போடுவதா, ஜன்னலை ஒட்டிப் போட்டு வெளிச்சத்தைப் பொருளின் பின்னாலிருந்து வரவிடுவதா? மண்பானை மாதிரி சொரசொரப்பான பொருளென்றால் நான் யோசிக்கவே மாட்டேன், பக்க ஒளிதான். ஒவ்வொரு கீறலும் குட்டி நிழல் போட்டு எழுந்து நிற்கும். மறுபக்கம் ரொம்ப இருண்டால் ஒரு வெள்ளை அட்டையைச் சாய்த்து வையுங்கள். அட்டை நெருங்க நெருங்க நிழல் இளகும்.

கண்ணாடிப் பாட்டில் கதையே வேறு. பக்க ஒளியில் ஜன்னல் அப்படியே அதன் வயிற்றில் வெள்ளைக் கட்டமாகத் தெரியும். பின்னொளியிலோ உள்ளிருக்கும் திரவமே விளக்கேற்றியதுபோல் ஒளிரும். ஆனால் வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர் பின்னாலிருக்கும் வெளிச்சத்தில் ஏமாந்து பொருளைக் கருப்பாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, கேமராவில் +1 அல்லது +1.5 ஏற்றிப் பாருங்கள். லென்ஸில் நேராக வெளிச்சம் அடித்துப் படம் வெளுத்தால், லென்ஸுக்கு மேல் கையைக் குடையாகப் பிடித்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரண்டுக்கும் பொது: ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 100, டிரைபாட், 2 செகண்ட் டைமர். அறை விளக்கை அணைத்துவிடுங்கள்; அதன் நிறமும் ஜன்னல் ஒளியின் நிறமும் ஒன்றாக இருக்காது. நான் ஒருமுறை மறந்து, பானையின் ஒரு கன்னம் நீலமும் மறு கன்னம் மஞ்சளுமாக முப்பது படம் எடுத்துத் தொலைத்தேன்.