ஆறு ஆண்டுகளாக என்னுடன் இருக்கும் இரண்டு பேக்கமன் நூல்கள்

ஷார்ஜாவில் நான் வேலை பார்த்த பட்டறைக்கு எதிரே ஒரு தேநீர்க் கடை இருந்தது. மாலை ஆறு மணிக்கு மேல் துருக்கிக்காரர் ஒருவர் அங்கே வந்து பலகையை விரித்துவிடுவார். எல்லோரும் அவரை உஸ்தா என்று அழைப்போம். அவர்கள் ஊரில் பேக்கமன் ஆட்டத்துக்குத் தாவ்லா என்று பெயர். ஆறும் ஐந்தும் விழுந்தால் ‘ஷெஷ் பெஷ்’, இரட்டை ஆறு விழுந்தால் ‘துஷெஷ்’ என்று பகடை நிற்பதற்குள் எண்ணைச் சொல்லிவிடுவார். பாதி பாரசீகம், பாதி துருக்கி. சொன்ன வேகத்திலேயே காயும் நகர்ந்துவிடும். எதிரே உட்கார்ந்திருப்பவன் யோசித்தால் அவருக்குப் பொறுக்காது.

அவரிடம் எட்டு மாதம் தொடர்ந்து தோற்றேன். “உஸ்தா, இந்தக் காயை ஏன் நகர்த்தினீர்கள்?” என்று கேட்டால், “வேறு எதை நகர்த்துவது?” என்பார். அவருக்கு அது கண்ணுக்கு நேரே தெரிந்தது. எனக்குத் தெரியவில்லை. நாற்பது ஆண்டுப் பழக்கத்தில் அவர் கையில் ஊறிய ஆட்டத்தை யாராவது சொல்லாக்கி வைத்திருக்க மாட்டார்களா என்று தேடித்தான் நூல்களிடம் வந்தேன்.

தாயமோ சொக்கட்டானோ ஆடிய கைக்குப் பேக்கமன் அந்நியமாக இருக்காது. ஆளுக்குப் பதினைந்து காய், 24 கட்டம், இரண்டு பகடை. தனியாக நிற்கும் காயை வெட்டலாம். வெட்டுப்பட்ட காய் எதிராளியின் வீட்டுக்குள் நுழைந்து முதலிலிருந்து வர வேண்டும். எல்லாக் காய்களையும் தன் வீட்டுக்குள், அதாவது தன் பக்கத்துக் கடைசி ஆறு கட்டங்களுக்குள், சேர்த்துப் பழமாக்கி முதலில் எடுத்து முடிப்பவர் வென்றார். ஒரு கட்டத்தில் இரண்டு காய்கள் சேர்ந்து நின்றுவிட்டால் எதிராளியால் அங்கே இறங்க முடியாது. ஆட்டத்தின் சூட்சுமம் முழுவதும் இந்தக் கடைசி விதியில்தான் இருக்கிறது.

நான் முதலில் வாங்கியது பால் மாக்ரியேல் எழுதி 1976இல் வெளிவந்த ‘பேக்கமன்’. மாக்ரியேல் கணிதம் கற்பித்தவர். 1978இல் உலகப் பட்டம் வென்றவர். ஏறத்தாழ 400 பக்கம். படிக்கப் படிக்க, பாடம் நடத்தத் தெரிந்தவர் எழுதியது என்பது புரிந்தது. ஒரு கருத்தைச் சொல்வார், உடனே பலகைப் படம் போட்டுக் காட்டுவார், பிறகு ஒரே ஒரு காயை மட்டும் இடம் மாற்றி, இப்போது ஏன் அதே நகர்வு தவறு என்று விளக்குவார்.

அதில் எனக்கு முதலில் கண் திறந்த இடம் வெட்டு வாய்ப்புக் கணக்கு. இரண்டு பகடையில் விழக்கூடியவை மொத்தம் 36. என் தனிக்காய் எதிராளியின் காய்க்கு ஆறு கட்டம் முன்னால் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு பகடையில் ஆறு விழுவது 11 வகை. ஐந்தும் ஒன்றும் இரண்டு வகை, நாலும் இரண்டும் இரண்டு வகை, இரட்டை மூன்று ஒன்று, இரட்டை இரண்டு ஒன்று (இரட்டை விழுந்தால் அந்த எண்ணை நான்கு முறை ஆடலாம்). ஆக 17. ஏறக்குறைய பாதிக்குப் பாதி வெட்டுப்படுவேன். அதே காயை இன்னும் ஒரே ஒரு கட்டம் தள்ளி, ஏழாவதில் நிறுத்தினால்? 6-1, 5-2, 4-3, தலா இரண்டு வகை. வெறும் 6. ஒரு கட்டத் தூரம் 17ஐ 6 ஆக்கிவிடுகிறது! எட்டு மாதமாக இந்த இரண்டு இடங்களுக்கும் வித்தியாசம் தெரியாமலே ஆடியிருக்கிறேன். அன்று இரவு 1 முதல் 12 வரை எல்லாத் தூரங்களுக்கும் நானே கணக்குப் போட்டு ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஒரு கட்டத் தூரத்துக்கு 11, இரண்டுக்கு 12, மூன்றுக்கு 14, நான்குக்கும் ஐந்துக்கும் 15 என்று வளர்ந்து வந்து ஆறில் உச்சம் தொடும்; அதைத் தாண்டியதும் சடாரென்று விழும். வழியில் கட்டங்கள் அடைபட்டிருந்தால் இன்னும் குறையும்.

அடுத்து, எப்போது அடக்கி ஆடுவது, எப்போது துணிவது என்ற பகுதி. அதுவரை அதை என் மனநிலைதான் தீர்மானித்தது. தோற்றுக்கொண்டிருந்தால் துணிவேன், ஜெயித்துக்கொண்டிருந்தால் பயப்படுவேன். பலகையிடம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு என்று அந்தப் பகுதி காட்டியது. எதிராளியின் வீடு பலமாக இருக்கிறதா? அப்படியானால் வெட்டுப்பட்ட என் காய் உள்ளே நுழையத் திண்டாடும், அடக்கி ஆடு. அவர் வீட்டுக்குள் எனக்கு ஏற்கெனவே ஒரு ஜோடி காய் நிற்கிறதா? வெட்டுப்பட்டாலும் இறங்க இடம் உண்டு, துணியலாம். அவருடைய காய்கள் நிறைய என் பக்கம் மாட்டியிருக்கின்றனவா? அப்போதும் துணியலாம், ஏனென்றால் அவருக்குத்தான் இழப்பு அதிகம். இந்த மூன்று கேள்விகளும் மனத்தில் ஊற எனக்கு ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. உஸ்தா கையால் செய்ததெல்லாம் இதுதான் என்பதும் அப்போதுதான் விளங்கியது. அவரிடம் முதன்முறையாக ஐந்துக்கு மூன்று என்று ஜெயித்த மாலையில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் தேநீருக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார்.

இனி ஓர் எச்சரிக்கை. பழைய நூல்களிலிருந்து தொடக்க நகர்வுகளை அப்படியே மனப்பாடம் செய்யாதீர்கள். அந்தக் காலத்தில் வல்லுநர்கள் பெரும்பாலும் 2-1, 4-1, 5-1 விழுந்தால், ஒன்றை வைத்து தங்கள் வீட்டின் ஆறாம் கட்டத்துக் காய் ஒன்றை ஐந்தாம் கட்டத்தில் தனியாக இறக்கிவிடுவார்கள். வெட்டுப்படாமல் தப்பினால் அடுத்த முறை அங்கே ஜோடி சேர்த்துவிடலாம் என்ற கணக்கு. நானும் இதைப் பல மாதம் பிடிவாதமாக ஆடினேன். 36இல் 15 வகையில் வெட்டு விழும். விழுந்தால் 20 கட்டம் பின்னுக்குப் போய்விடுவோம். ஐபிஎம்மில் ஜெரால்ட் டெசௌரோ 1992 வாக்கில் டிடி-கேமன் என்ற கணினி நிரலை உருவாக்கினார். தனக்குத்தானே எதிராக ஆடி ஆடிக் கற்றுக்கொண்ட அந்த நிரல், இந்த இடங்களில் ஐந்தாம் கட்டத்தை விட்டுவிட்டு, பின்னால் இருக்கும் இரண்டு காய்களில் ஒன்றை ஒரு கட்டம் பிரித்து வைப்பதை விரும்பியது. வல்லுநர்கள் சோதித்துப் பார்த்து அதன் பக்கம் சாய்ந்தார்கள். குறிப்பாக 4-1க்கு இன்று பிரிப்பதுதான் வழக்கம்.

இதனால் பழைய நூல் செத்துப்போனது என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஐந்தாம் கட்டம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு மாக்ரியேல் சொன்ன காரணம் இன்றும் செல்லும். 3-1 விழுந்தால் அந்தக் கட்டத்தை உடனே ஜோடியாகக் கட்டிவிடுவதுதான் அன்றும் இன்றும் சிறந்த தொடக்கம். காரணங்களை நூலிலிருந்து எடுத்துக்கொண்டு, நகர்வுகளைக் கணினியில் சரிபார்க்க வேண்டும். குனூ பேக்கமன் என்ற நிரல் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அது எந்த நகர்வு எவ்வளவு தவறு என்று எண்ணால் சொல்லுமே தவிர, ஏன் என்று சொல்லாது. நூல் படிக்காமல் நிரலை மட்டும் வைத்துக்கொண்டு கற்க முயன்ற இரண்டு நண்பர்கள் ஆறு மாதத்தில் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

இரண்டாவது நூல் பில் ராபர்ட்டியின் ‘501 எசென்ஷியல் பேக்கமன் ப்ராப்ளம்ஸ்’. 1983, 1987 என இரு முறை உலகப் பட்டம் வென்றவர் ராபர்ட்டி. பெயரிலேயே இருக்கிறது: 501 நிலைகள். பலகைப் படம், விழுந்த எண், நீ என்ன ஆடுவாய்? நான் வாங்கிய பழைய பிரதியில் முன்பு வைத்திருந்தவர் பல படங்களின் ஓரத்தில் விடையைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தார். விற்றவர் அதைச் சொல்லவே இல்லை. அட்டையில் படத்தின் அளவுக்கு ஒரு சன்னல் வெட்டி, மற்றதை மறைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினேன். அந்த அட்டைதான் நான் கற்ற விதத்தையே மாற்றியது. அதற்கு முன் படத்தைப் பார்ப்பேன், மனத்தில் ஏதோ ஒன்று தோன்றும், விடையைப் பார்த்ததும் “நானும் இதைத்தான் நினைத்தேன்” என்று கடந்து போவேன். அது கற்றலே இல்லை. இப்போது உண்மையான பலகையில் நிலையை அடுக்குவேன். நோட்டில் என் நகர்வை எழுதுவேன், அதற்குக் கீழே ஒரு வரி காரணம் எழுதுவேன். அதன் பிறகுதான் விடை. நகர்வு சரியாகவும் காரணம் தவறாகவும் இருந்தால் அதைத் தவறு என்றே குறித்துக்கொள்வேன். ஒரு நாளைக்கு ஐந்து நிலைகளுக்கு மேல் போனால் கவனம் சிதறுகிறது என்பதையும் அனுபவத்தில் கண்டேன்.

இரட்டிப்புப் பகடையைத்தான் நான் கடைசியில் கற்றேன். முதலிலேயே கற்றிருக்க வேண்டும். 2, 4, 8 என்று 64 வரை எண் பொறித்த இந்தக் கட்டை 1920களில் நியூயார்க்கில் ஆட்டத்துக்குள் வந்தது. தேநீர்க் கடைத் தாவ்லாவில் இது கிடையாது. உஸ்தாவுக்கு இதில் ஆர்வமும் இல்லை. மாக்ரியேலின் நூலிலும் இதற்கு ஒதுக்கிய இடம் குறைவு. நாடு திரும்பி இணையத்தில் ஆடத் தொடங்கியபோது, காய்களை நன்றாக நகர்த்தியும் புள்ளிகளை இழந்துகொண்டே இருந்தேன். எதிராளி இந்தக் கட்டையை வைத்துப் பந்தயத்தை இரட்டிப்பாக்கினால், ஏற்று இரண்டு புள்ளிக்கு ஆடலாம், அல்லது ஒரு புள்ளியை இழந்து விலகலாம். நான் பயந்து விலகிவிடுவேன். கணக்கு எளிது. அதே நிலை நான்கு முறை வருகிறது என்று கொள்ளுங்கள். நான்கிலும் விலகினால் 4 புள்ளி இழப்பு. நான்கிலும் ஏற்று, மூன்றில் தோற்று ஒன்றில் ஜெயித்தால் 6 போய் 2 வரும். அதுவும் 4 இழப்புதான். ஆகவே நான்கில் ஒரு முறைக்கு மேல் ஜெயிக்க முடியும் என்றால் ஏற்பதே இலாபம். ஒரு காயைக்கூட எடுக்காமல் தோற்று இரு மடங்கு இழப்பது இந்தக் கணக்கை இறுக்கும், ஏற்றவரான என் கைக்கே கட்டை வருவது தளர்த்தும், ஆனாலும் தொடங்க இது போதும். இருவர் காய்களும் ஒன்றையொன்று கடந்துபோய் வெறும் ஓட்டப்பந்தயமாகிவிட்ட நிலைக்கு 8-9-12 என்ற விதி இருக்கிறது. என் எல்லாக் காய்களுக்கும் சேர்த்து மீதமுள்ள தொலைவு 100 கட்டம் என்றால், எதிராளிக்கு 108 இருக்கும்போது இரட்டிப்பாக்கலாம். கட்டை ஏற்கெனவே என்னிடம் இருந்தால் 109 வரை காத்திருக்கலாம். 112 வரை அவர் ஏற்கலாம். பேக்கமன் வல்லுநர் கிட் வூல்ஸி பெயரால் வழங்கும் விதியும் எனக்கு நிறைய உதவியது: எதிராளி ஏற்பதா விலகுவதா என்று உனக்கே உறுதியாகத் தெரியவில்லை என்றால், இரட்டிப்பாக்கு.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை: மாக்ரியேலை முதலில், மெதுவாக, பலகையை விரித்து வைத்துக்கொண்டு படியுங்கள். குறைந்தது நூறு ஆட்டம் ஆடிய பிறகு ராபர்ட்டியைத் திறங்கள். அச்சு நூலையே வாங்குங்கள். கைப்பேசித் திரையில் பலகைப் படங்கள் சிறுத்து, காய்களை எண்ணுவதிலேயே கண் களைத்துவிடும். ஒரே ஆண்டில் பத்து நூல் வாங்க வேண்டாம்.

501 நிலைகளையும் இப்போது மூன்றாவது சுற்றாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு சுற்றிலும் தவறிய 63 நிலைகளைத் தனி நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அவற்றில் பாதிக்கு மேல் ஒரே வகை: எதிராளியின் காயை வெட்ட வாய்ப்பிருந்தும், என் வீட்டில் கட்டம் கட்டப் போய்விட்ட இடங்கள். இந்த மாதம் அவற்றை மட்டுமே பலகையில் அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.