கேரவனுக்கு மாற்று மின்சாரம்: ஜெனரேட்டரா, லித்தியம் பேட்டரியா?

வெளி மின் இணைப்பு கிடைக்காத இடங்களில் கேரவனை நிறுத்தினால் எதை நம்புவது? ஜெனரேட்டரை வைத்துப் பார்த்துவிட்டு லித்தியம் பேட்டரிக்கும் கூரைச் சோலார் தகடுகளுக்கும் மாறியவன் நான். இப்போதும் என் ஓட்டு பேட்டரிக்குத்தான்.

இரைச்சல், புகை பற்றி விளக்க வேண்டியதில்லை. வாங்கும்போது ஜெனரேட்டர் மலிவு என்பதும் தெரிந்ததே. எனக்கு விஷயத்தைத் தீர்த்துவைத்தது, வண்டி சும்மா நிற்கும் காலம். கேரவன் ஓடும் நாள்களைவிட நிற்கும் நாள்களே அதிகம். ஜெனரேட்டருக்கு ஆகாததும் அதுவே. தொட்டியில் தங்கிய பெட்ரோல் சில மாதங்களில் கெட்டு, கார்பரேட்டரின் நுண்ணிய ஜெட் துளையில் பிசினாகப் படிகிறது. பிறகு சோக்கைப் போட்டால்தான் இன்ஜின் ஓடும்; சோக்கை எடுத்த மறுகணம் வேகம் ஏறி இறங்கித் திணறி நின்றுவிடும். இதைத் தவிர்க்க, மாதம் ஒருமுறையாவது மின்கருவிகளை இணைத்துச் சுமை கொடுத்து ஓட்ட வேண்டும், அல்லது பெட்ரோலை முழுக்க வடித்துவிட வேண்டும். சிறிய ஜெனரேட்டர்களுக்குப் பொதுவாக 100 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றும் வேலையும் உண்டு.

நான் சொல்லும் லித்தியம் வகையான லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு இந்தத் தொல்லையே இல்லை. பாதி சார்ஜில் வைத்து, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனால் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். சுவிட்சை மறக்கக் கூடாது. எரிவாயுக் கசிவு எச்சரிக்கைக் கருவி போன்றவை ஓசையின்றி மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈய அமில பேட்டரியோ குறை சார்ஜில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து வீணாகிவிடும். அதன் சார்ஜைப் பாதிக்குக் கீழே இறக்குவதும் ஆயுளைக் குறைக்கும்.

ஏசி வேண்டுமென்றால் கணக்கு மாறுகிறது. 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 1,280 வாட்-மணி. கூரை ஏசி 1,200 முதல் 1,500 வாட் வரை இழுக்கும்; ஒரு மணி நேரம் தாங்குவதே பெரிது. இரவெல்லாம் ஏசி ஓட வேண்டியவர்கள் ஜெனரேட்டரையே வாங்கலாம். ஆனால் அதை வண்டியிலிருந்து 6 மீட்டராவது தள்ளி, புகைக்குழாய் வண்டியைப் பார்க்காமல் மறுபக்கம் திரும்பியிருக்கும்படி வையுங்கள். உள்ளே கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கட்டாயம்.

குளிர்ப் பயணத்தில் எனக்கு அனுபவம் குறைவு. உறைநிலைக்குக் கீழே சாதாரண லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது என்பதால், அங்கே போகிறவர்கள் உள்ளேயே சூடேற்றி அமைந்த பேட்டரியைத் தேட வேண்டும். மேகமூட்டமான நாள்களுக்கு, வண்டி இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து ஓடும்போதே சார்ஜ் ஏற்றும் டிசி-டிசி சார்ஜரையும் சேர்த்துப் பொருத்திவிடுங்கள்.