கோர் ஐ7-8700கே: பிராண்டட் கணினியை ஓவர்கிளாக் செய்ய எந்த மதர்போர்டு?

பிராண்டட் கணினி ஒன்றில் இன்டெல் கோர் ஐ7-8700கே இருக்கிறது என்றால், அதன் உரிமையாளருக்கு என்றாவது ஒருநாள் ஓவர்கிளாக்கிங் ஆசை, அதாவது பிராசசரை நிர்ணயித்த வேகத்துக்கும் மேல் ஓட்டும் ஆசை, வந்தே தீரும். வேகத்தை நிர்ணயிக்கும் எண்ணான பெருக்கி பூட்டப்படாத பிராசசர் அது. ஒரு கோர் மட்டும் உழைக்கும்போது 4.7 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். ஆறு கோரும் சேர்ந்து உழைத்தால் 4.3-இல் நின்றுவிடும். ஆறையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் ஏறத்தாழ 16 சதவீத வேகம் கூடுதலாகக் கிடைக்கும். வந்தது 2017 அக்டோபரில்தான் என்றாலும் விண்டோஸ் 11 இதை முறைப்படி ஏற்றுக்கொள்கிறது. எனவே இதைத் தூக்கிப் போட இன்னும் காலம் வரவில்லை.

பிராசசர் தயார். மதர்போர்டு தயாராக இல்லை என்பதுதான் சிக்கல். பல பிராண்டட் கணினிகளில் பி360, எச்370 போன்ற சிப்செட்டுகளே (போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லுகள்) இருக்கும். இவற்றில் பெருக்கியை உயர்த்த இன்டெல் அனுமதிப்பதில்லை. ரேமும் 2666 மெகாஹெர்ட்ஸைத் தாண்டாது. சிலவற்றில் இசட்370 சிப்செட்டே இருக்கும், ஆனால் கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய்த் தேடினால் பெருக்கி, மின்னழுத்தம் ஆகியவற்றை மாற்றும் இடமே இருக்காது. ஆகவே சிப்செட் பெயரை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். பயாஸைத் திறந்து, உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

போர்டை மாற்றாமலே கொஞ்சம் பலன் பெற ஒரு வழி உண்டு. இந்தப் பிராசசரின் நீடித்த மின் வரம்பு 95 வாட். கணினி நிறுவனங்கள் பெரும்பாலும் இதைக் கறாராகக் கடைப்பிடிப்பதால், நீண்ட நேர வேலையில் 4.3-கூட நிலைப்பதில்லை. பயாஸ் பூட்டியிருக்காவிட்டால், த்ராட்டில்ஸ்டாப் போன்ற மென்பொருளால் இந்த வரம்பைத் தளர்த்தலாம். அதோடு பிராசசரின் மேல் இருக்கும் பழைய வெப்பப் பசையைத் துடைத்துவிட்டுப் புதிது போட்டால், பெரிய செலவில்லாமல் கணினிக்குத் தெம்பு வந்துவிடும். ஆனால் போர்டின் மின் பகுதியில் வெப்பத்தை வெளியேற்றும் உலோகக் கட்டியான ஹீட்சிங்க் இல்லையென்றால் வரம்பைப் பெரிதாகத் தளர்த்த வேண்டாம்.

அந்த மின் பகுதியைத்தான் வி.ஆர்.எம். என்கிறார்கள். மதர்போர்டு ஒப்பீடு முழுவதும் கடைசியில் இதில்தான் வந்து நிற்கிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பவர் சப்ளையிலிருந்து வரும் 12 வோல்ட்டை, பிராசசருக்கு வேண்டிய 1.2, 1.3 வோல்ட்டாகக் குறைத்துத் தருவது இதன் வேலை. பிராசசர் இழுக்கும் மின்சாரம், வேகத்தின் விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்க விகிதத்திலும் கூடும். எடுத்துக்காட்டாக, 1.15 வோல்ட்டில் 4.3 கிகாஹெர்ட்ஸ் ஓடிய பிராசசரை 1.3 வோல்ட்டில் 5 கிகாஹெர்ட்ஸ் ஓட்டினால், வேகம் 16 சதவீதம்தான் கூடும். மின்செலவோ ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆகிவிடும். 150 வாட் என்று வைத்துக்கொண்டால், 1.3 வோல்ட்டில் அது 115 ஆம்பியர். வி.ஆர்.எம். 90 சதவீதத் திறனோடு இயங்கினாலும் சுமார் 17 வாட், பிராசசருக்குப் போகாமல் அதில் உள்ள மாஸ்ஃபெட் எனும் சின்னஞ்சிறு மின் சுவிட்சுகளிலேயே வெப்பமாகத் தங்கும். ஹீட்சிங்க் இல்லாத போர்டில் ஒரு வீடியோவை ரெண்டர் செய்யும் நேரத்துக்குள் அவை கொதித்துப்போய், பிராசசரின் வேகத்தைத் தாமே இறக்கிவிடும். ஏற்றிய வேகம் அத்தனையும் வீண்.

இனி வாங்கக்கூடிய போர்டுகளுக்கு வருவோம். 8700கே பொருந்துவது எல்ஜிஏ 1151 சாக்கெட்டில். அதே சாக்கெட் பெயரோடு வரும் இசட்170, இசட்270 போர்டுகளில் இது வேலை செய்யாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று அவற்றை வாங்கிவிடாதீர்கள். தேர்வு இசட்370-க்கும் இசட்390-க்கும் இடையில்தான். இரண்டாவது 2018 அக்டோபரில் வந்தது. வேகமான யு.எஸ்.பி. 3.1 வசதி சிப்செட்டிலேயே இருப்பது அதன் கூடுதல் அம்சம். ஓவர்கிளாக்கிங்கைப் பொறுத்தவரை சிப்செட்டால் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் எட்டு கோர் கொண்ட 9900கே-யை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை இசட்390 போர்டுகள் என்பதால், நடுத்தர விலையிலேயே வலுவான வி.ஆர்.எம். கிடைக்கிறது. ஆறு கோர் பிராசசரை அதில் வைத்தால் போர்டுக்கு மூச்சு வாங்காது.

எம்எஸ்ஐ இசட்390-ஏ ப்ரோ இந்தக் கூட்டத்தில் விலை குறைந்தது. பெருக்கியை மாற்றலாம், வேகமான ரேம் போடலாம். ஆனால் எஸ்எஸ்டி செருகும் எம்.2 இடம் ஒன்றுதான்; வி.ஆர்.எம். எளிமையானது. 4.8 வரை போதும் என்பவர்களுக்கு இது சரி. 5 கிகாஹெர்ட்ஸில் மணிக்கணக்கில் ரெண்டர் செய்பவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

என் தேர்வு ஜிகாபைட் இசட்390 ஆரஸ் எலீட். வி.ஆர்.எம். சுமையைப் பகிர்ந்துகொள்ளும் ஆறு மின் கட்டங்களை இரட்டிப்பாக்கிப் பன்னிரண்டாகப் பிரித்து, பிராசசருக்கு மின்சாரம் தருகிறது. மேலே சொன்ன 115 ஆம்பியரைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள்: ஒரு கட்டத்துக்குப் பத்து ஆம்பியருக்கும் குறைவு. வெப்பம் பரவிவிடுகிறது, ஹீட்சிங்க் திணறுவதில்லை. மே மாதத்தில் மின்விசிறி மட்டுமே ஓடும் நம் வீட்டு அறைக்கு இந்தக் கூடுதல் தாங்குதிறன் மிகவும் தேவை. குளிர்சாதன அறையில் எடுத்த அளவீடுகளைப் பார்த்துவிட்டு நம் ஊர் வெயிலில் அதே வெப்பநிலையை எதிர்பார்க்க முடியாது. அறை பத்து டிகிரி கூடினால் பிராசசரும் கிட்டத்தட்ட அதே அளவு கூடும். குறை என்றால் பயாஸ்தான். தேவையானதெல்லாம் உள்ளே இருக்கிறது, ஆனால் ஒன்றுக்குள் ஒன்றாக ஒளிந்திருக்கிறது. முதல் முறை பொறுமையாகத் தேட வேண்டும். ஆரஸ் ப்ரோ இதன் அண்ணன். விலை வேறுபாடு சிறிது என்றால் அதை எடுக்கலாம், இல்லையென்றால் எலீட் போதும்.

ஆசுஸ் ப்ரைம் இசட்390-ஏ இதற்கு நேர் எதிர். பயாஸ் தெளிவாக வகுக்கப்பட்டிருக்கிறது. எதை எங்கே தொடுகிறோம் என்று புதியவருக்கும் புரியும். மின் பகுதியில் கட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டாமல், ஒவ்வொரு கட்டத்திலும் பாகங்களை இரட்டையாக வைத்திருக்கிறார்கள். 8700கே-க்கு அது தாராளம். முதல்முறையாக ஓவர்கிளாக் செய்பவர், இரண்டும் ஒரே விலைக்குக் கிடைத்தால் இதை எடுப்பதில் எனக்கு மறுப்பு இல்லை.

ஏஎஸ்ராக் இசட்390 டைச்சி நல்ல போர்டு. மூன்று எம்.2 இடம், இரண்டு இன்டெல் லேன் இணைப்புகள், வைஃபை எல்லாம் உண்டு. ஆனால் வெப்பத்தால் தடைபடும் பிராசசருக்கு இவ்வளவு செலவு தேவையில்லை. 8700கே-யின் உலோக மூடிக்கு அடியில் இன்டெல் வைத்தது ஈயப் பற்று அல்ல, சாதாரண வெப்பப் பசை. அதனால் போர்டு தாங்குவதற்கு முன்பே பிராசசர் சூடேறி நின்றுவிடும். அந்தப் பணத்தைக் கூலருக்குக் கொடுங்கள்.

இதுவரை சொன்னவை அனைத்தும் ஏடிஎக்ஸ் எனும் முழு அளவு போர்டுகள். பிராண்டட் கணினியின் கேபினெட் பெரும்பாலும் அதைவிடச் சிறிய மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவுக்கு மேல் இடம் தராது. டெல் எக்ஸ்பிஎஸ் 8930-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பவர் சப்ளை ஒரு கீலில் மாட்டப்பட்டுக் கதவுபோல மதர்போர்டின் மேல் வந்து மூடுகிறது. அதைத் திறந்தால்தான் பிராசசரே கண்ணில் படும். 158 மில்லிமீட்டர் உயரமுள்ள நாக்டுவா என்எச்-யு12எஸ் போன்ற கூலரை அங்கே நினைத்தே பார்க்க முடியாது. முன்பக்க பவர் பட்டனின் கம்பிகளும் கடைப் போர்டுகளின் ஊசிகளில் நேரடியாகப் பொருந்தும் என்று சொல்வதற்கில்லை. எச்பி, லெனோவோ அலுவலகக் கணினிகள் சிலவற்றில் பவர் சப்ளையின் பிளக்கே வழக்கமான 24 ஊசிப் பிளக் அல்ல. ஏஎஸ்ராக் இசட்390எம் ப்ரோ4, ஜிகாபைட் இசட்390 எம் கேமிங் என்று மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டுகள் இருக்கவே செய்கின்றன. ஆனால் காற்று புகாத பெட்டிக்குள் எளிய வி.ஆர்.எம். கொண்ட போர்டை வைத்து 5 கிகாஹெர்ட்ஸ் கேட்பது நியாயமில்லை. பழைய கேபினெட்டை விட மனமில்லையா? போர்டை மாற்றாதீர்கள், மேலே சொன்ன மின் வரம்பு வழியே உங்களுக்கு ஏற்றது.

போர்டை மாற்றத்தான் போகிறீர்கள் என்றால் கேபினெட், பவர் சப்ளை, கூலர் ஆகிய மூன்றையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். விண்டோஸும் அந்தக் கணக்கில் வரும். பிராண்டட் கணினியோடு வந்த உரிமம் பழைய போர்டோடு பிணைக்கப்பட்டது. புதிய போர்டுக்கு அது செல்லாது. பழைய கணினியிலிருந்து வந்து சேர்பவை பிராசசர், ரேம், கிராபிக்ஸ் கார்டு, டிஸ்க் ஆகியவைதாம். இத்தனை செலவுக்கு 16 சதவீதம் போதுமா என்று கேட்டால், வீடியோ வேலையைத் தொழிலாகச் செய்பவருக்கும், மெதுவான ரேமிலிருந்து 3200-க்குத் தாவப்போகும் விளையாட்டுக்காரருக்கும் போதும் என்பேன். இணையமும் எக்செல்லும் பார்க்கும் கணினிக்கு வேண்டவே வேண்டாம்.

இந்தப் போர்டுகளை இப்போது பெரும்பாலும் பழையதாகத்தான் வாங்க வேண்டியிருக்கும். எல்ஜிஏ சாக்கெட்டில் ஊசிகள் பிராசசரில் இல்லை, போர்டில் இருக்கின்றன. காசு கொடுக்கும் முன் சாக்கெட் மூடியைக் கழற்றச் சொல்லி, கைபேசி வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். எல்லா ஊசிகளும் ஒரே சீராக மின்ன வேண்டும். ஒன்று மட்டும் வேறு திசையில் மின்னினால் அது வளைந்திருக்கிறது. அந்த ஒன்றால் ஒரு பக்க ரேம் முழுவதும் தெரியாமல் போகலாம். நான்கு ரேம் இடங்களிலும் ரேம் போட்டு, அத்தனையையும் பயாஸ் காட்டுகிறதா என்று கடையிலேயே பார்த்துவிட்டு வாங்குங்கள்.